குற்ற நீதியும் இளஞ்சிறார் நீதியும்: சட்டமன்ற உறுப்பினர் எதைப் படிப்பது, எப்படிக் கேட்பது

அரசு இல்லம் ஒன்றில் சிறுவன் இறந்துபோனாலோ, பள்ளி மாணவர்கள் அரிவாளோடு நிற்கும் காணொளி பரவினாலோ சட்டப்பேரவையில் ஒரு நாள் அனல் பறக்கிறது. மறுநாள் வேறு பொருள் வந்துவிடுகிறது. அன்று பேசப்பட்டவற்றில் எவை ஒரு விதியாகவோ, ஒரு பணியிடமாகவோ, ஒரு நிதி ஒதுக்கீடாகவோ மாறின என்று ஓராண்டு கழித்துத் தேடினால் மனம் கனத்துப்போகும். பேசியவர்களுக்கு அக்கறை இருந்தது. எந்தத் துறையிடம், எந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பிரிவைச் சுட்டிக் கேட்பது என்ற தயாரிப்புதான் இல்லை. பேரவை உறுப்பினர்களுக்குக் குறிப்புகள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். புதிதாகப் பேரவைக்குள் வரும் உறுப்பினருக்கும், அவருக்காகத் தாள்களைப் புரட்டும் உதவியாளருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மாநிலச் சட்டமன்றங்களுக்கு 1975 முதல் பொதுவான ஓர் ஆய்வு அமைப்பு இருக்கிறது. எந்த மாநிலம் எந்தக் குற்றவியல் சீர்திருத்தத்தைச் செய்தது என்பதை அது தொகுத்து உறுப்பினர் மேசைக்கு அனுப்பிவிடுகிறது. நம் உறுப்பினருக்கு அந்த வசதி இல்லாததால் அவரே தேட வேண்டியிருக்கிறது. ஆனால் தேட வேண்டியவற்றில் பெரும்பகுதி பொதுவெளியில்தான் கிடக்கிறது.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

'குற்றவியல் சட்டமெல்லாம் ஒன்றிய அரசின் கையில், நாம் என்ன செய்ய முடியும்' என்று பேரவை உறுப்பினர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மைகூட அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைத் திறந்தால், பொது ஒழுங்கு, காவல், சிறைகள், சீர்திருத்தப் பள்ளிகள், இளங்குற்றவாளிகளைச் சீர்திருத்தும் பார்ஸ்டல் நிறுவனங்கள் ஆகியவை மாநிலப் பட்டியலில் இருப்பதைக் காணலாம். குற்றவியல் சட்டமும் குற்றவியல் நடைமுறையும் பொதுப் பட்டியலில் உள்ளன. பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்படும் திருத்தத்தை மாநிலம் கொண்டுவர விரும்பினால், 254ஆவது உறுப்பின் இரண்டாவது கூறின்படி குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். 2017இல் ஜல்லிக்கட்டுக்காக விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தியது இந்த வழியில்தான். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்த முன்வடிவை 2025 ஜனவரியில் பேரவை நிறைவேற்றியதும் பொதுப் பட்டியல் தரும் அதிகாரத்தைக் கொண்டுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மூன்று புதிய குற்றவியல் சட்டங்களில் மாநிலத்துக்குத் தேவையான திருத்தங்களை ஆராய நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது.

சிறார் நீதியில் இந்த மாநிலத்துக்கு நீண்ட மரபும் உண்டு. இந்தியாவில் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் முதலில் இயற்றியது சென்னை மாகாணம்தான். அது 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகே வந்தன. 1925இல் பார்ஸ்டல் பள்ளிகள் சட்டமும் இங்கே வந்துவிட்டது. இன்று நாடு முழுவதற்கும் பொதுவாக 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது என்றாலும், அதன் கீழ் விதி வகுப்பது, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமங்களை அமைப்பது, இல்லங்களை நடத்துவது, ஆள் போடுவது, பணம் ஒதுக்குவது எல்லாம் மாநில அரசின் பொறுப்பு. சட்டத்தின் 110ஆவது பிரிவின்படி மாநில அரசு வகுக்கும் விதிகள் பேரவை முன் வைக்கப்பட வேண்டும். அப்படி வைக்கப்படும் ஏடுகளை யாரும் புரட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

எந்தத் துறை எதற்குப் பொறுப்பு

மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, கூர்நோக்கு இல்லத்தைப் பற்றிய கேள்வியைக் காவல்துறை மானியக் கோரிக்கையில், அதாவது அத்துறைக்கான நிதி ஒதுக்கீட்டின் மீதான விவாதத்தில், எழுப்புவது. விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லங்களும், குற்றம் செய்ததாகக் குழுமம் முடிவு செய்த சிறாரை வைத்திருக்கும் சிறப்பு இல்லங்களும் சிறைத்துறையிலும் இல்லை, காவல்துறையிலும் இல்லை. சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ், முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்றிருந்து இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்று பெயர் மாறியிருக்கும் துறையே அவற்றை நடத்துகிறது. ஆனால் 18 முதல் 21 வயது வரையுள்ள இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள் சிறைத்துறையிடம் இருக்கின்றன. வயதுவந்தோருக்கான நன்னடத்தை அலுவலர்களும் அத்துறையில்தான் பணிபுரிகிறார்கள். சிறாரைப் பிடித்துக் கொண்டுவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவு உள்துறையின் கீழ் வருகிறது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முதன்மை நடுவரோ உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இருப்பவர். ஒரே சிறுவனின் வழக்கு இந்த நான்கு இடங்களையும் கடக்கக்கூடும். கேள்வியை எழுதுமுன், கேட்கப்படும் தகவல் இந்த நான்கில் எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தால், 'இது எங்கள் துறையைச் சேர்ந்ததல்ல' என்ற பதிலைத் தவிர்த்துவிடலாம்.

ஆண்டறிக்கைகளை எப்படிப் படிப்பது

ஒவ்வொரு மானியக் கோரிக்கையின்போதும் துறைகள் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்புதான் முதலில் கையில் எடுக்க வேண்டிய ஏடு. இந்த ஆண்டின் குறிப்பை மட்டும் படித்தால் எல்லாம் சீராக நடப்பதாகத் தோன்றும். கடந்த நான்கைந்து ஆண்டுகளின் குறிப்புகளை அருகருகே விரித்து வையுங்கள். ஒரே திட்டம் மூன்றாண்டுகளாக 'செயல்படுத்தப்படும்' என்று வந்திருக்கலாம். ஓராண்டு கொடுக்கப்பட்ட ஓர் அட்டவணை அடுத்த ஆண்டு காணாமற் போயிருக்கலாம். அந்த இடத்தில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது. அதனோடு வரவுசெலவுத் திட்டத்தின் விரிவான மதிப்பீடுகளில் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு ஆகிய மூன்று எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான வாத்சல்யா திட்டத்தில் ஒன்றிய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் தருகின்றன. ஒதுக்கிய தொகை செலவாகாமல் திரும்பியிருந்தால், பணம் இல்லை என்ற சமாதானத்தை ஏற்க வேண்டியதில்லை.

அடுத்து, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இரண்டு ஆண்டறிக்கைகள்: 'இந்தியாவில் குற்றங்கள்', 'இந்தியச் சிறைப் புள்ளிவிவரங்கள்'. இரண்டும் தாமதமாகவே வருகின்றன. 2022ஆம் ஆண்டின் அறிக்கைகள் 2023 டிசம்பரில்தான் வெளிவந்தன. ஆகவே பேரவையில் ஓர் எண்ணைச் சொல்லும்போது அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

குற்ற அறிக்கையைப் படிப்பதில் சில எச்சரிக்கைகள் உண்டு. அதில் இருப்பவை பதிவு செய்யப்பட்ட வழக்குகள் மட்டுமே. வழக்குப் பதிவை எளிதாக்கிய மாநிலத்தில் எண் கூடித் தெரியும், புகாரைத் திருப்பி அனுப்பும் மாநிலத்தில் குறைந்து தெரியும். ஒரு முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையானது மட்டுமே கணக்கில் ஏறும். சிறார் குறித்த எண்களில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றமாகவோ வயதுவந்தோருடன் சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படுவதாகவோ இருந்தாலொழியச் சிறாருக்கு எதிராக முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது. காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையைக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். எனவே ஓர் ஆண்டில் சிறார் வழக்குகள் கூடியிருந்தால், குற்றம் கூடியதா, விதியை மீறிப் பதிவது கூடியதா என்று கேட்க இடமிருக்கிறது.

'சிறார் குற்றம் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது' என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. நாடு முழுவதும் சிறாருக்கு எதிராகப் பதிவான வழக்குகள் 2021இல் 31,170. 2022இல் அவை 30,555. இதை வைத்துக் குற்றம் குறைந்துவிட்டது என்று மார்தட்டவும் முடியாது. ஆனால் கட்டுக்கடங்காத பெருக்கம் என்று சொல்பவரிடம் எந்த எண்ணைக் கொண்டு சொல்கிறீர்கள் என்று கேட்கலாம்.

சிறை அறிக்கை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்றிருந்த நிலையைக் காட்டுகிறது. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகமானோர், குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். இந்திய அளவில் சிறைகள் கொள்ளளவில் 131 விழுக்காடு நிரம்பியிருந்தபோது தமிழ்நாட்டின் மொத்தக் கொள்ளளவு நிரம்பவில்லை. இதைப் பெருமையாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் மாநிலச் சராசரி ஒரு திரை போன்றது, அதற்குப் பின்னால் கிளைச் சிறை காலியாகவும் மத்திய சிறை நெருக்கடியாகவும் இருக்கலாம். புழல் தொடங்கிப் பாளையங்கோட்டை வரை ஆண்களுக்கான 9 மத்திய சிறைகளுக்கும் தனித்தனியாக எண் கேளுங்கள். காவல், நீதித்துறை, சிறை, சட்ட உதவி என்ற நான்கு தூண்களையும் மாநில வாரியாக ஒப்பிடும் இந்திய நீதி அறிக்கை 2019, 2020, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் வந்திருக்கிறது. அதன் தரவரிசையைவிட, ஒவ்வொரு தூணின் கீழும் உள்ள காலிப் பணியிட அட்டவணைதான் உறுப்பினருக்குப் பயன்படும்.

இளைஞர் நீதிக் குழுமத்தின் வாசலில்

தரவு எதைக் காட்டாது என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு மாவட்டத்தில் குழுமம் கூடிய நாள் காலை. உள்ளே நடப்பது பொதுமக்கள் பார்வைக்குரியதல்ல, இருக்கவும் கூடாது. வெளியே மர பெஞ்சில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். துணிக்கடைப் பிளாஸ்டிக் பையில் மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழை நான்காக மடித்து வைத்திருந்தார். மடிப்பின் ஓரம் கிழிந்து, பிறந்த தேதியின் கடைசி இலக்கம் அந்தக் கிழிசலில் போயிருந்தது. ஆதார் அட்டையில் இருந்த தேதியின்படி பையனுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டதாம், சான்றிதழின்படி இல்லையாம். 'எந்தக் காகிதம் செல்லும்னு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க சார்' என்றார். சட்டம் அதைச் சொல்லியிருக்கிறது: இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவின்படி முதலில் பள்ளியின் பிறப்புத் தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. அன்று வழக்கு எடுக்கப்படவில்லை. சமூகப் பணியாளர் உறுப்பினர்கள் இருவரின் பதவிக்காலமும் முடிந்து, புதியவர்கள் நியமிக்கப்படாமல் இருந்ததுதான் காரணம்.

குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருக்க வேண்டும், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இறுதி ஆணை பிறப்பிக்கும்போது முதன்மை நடுவர் உட்பட இருவராவது இருந்தாக வேண்டும். ஆகவே இரண்டு நாற்காலிகள் காலியானால் அந்த மாவட்டத்தின் சிறார் நீதியே நின்றுபோகிறது. விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்பது 14ஆவது பிரிவு. சிறு குற்ற வழக்கு அந்த நீட்டிப்புக்குள்ளும் முடியாவிட்டால் அதோடு கைவிடப்பட வேண்டும். நிலுவையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமை நீதித்துறை நடுவர் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது 16ஆவது பிரிவு. மாவட்ட நீதிமன்றங்களின் நிலுவையைத் தேசிய நீதித்துறைத் தரவுக் கட்டமைப்பில் யாரும் பார்த்துவிடலாம். குழுமங்களின் நிலுவைக்கு அப்படி ஒரு திறந்த சாளரம் இல்லை. ஆகவே அந்த எண்ணைப் பேரவையில் கேட்டு வாங்குவது உறுப்பினர் செய்யக்கூடிய பெரிய உதவி.

இதே பொருளில் மனத்தில் இருத்த வேண்டிய வேறு சில பிரிவுகளும் உள்ளன. 10ஆவது பிரிவின்படி பிடிக்கப்பட்ட சிறாரைக் காவல் நிலைய அடைப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிணை தருவது விதி, மறுப்பது விலக்கு என்பது 12ஆவது பிரிவு. கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 வயது நிறைந்தவரை வயதுவந்தோரைப் போல விசாரிக்க அனுப்பலாமா என்ற முதற்கட்ட மதிப்பீடு 15ஆவது பிரிவில் வருகிறது. இதில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் படிக்காமல் யாரும் பேசக் கூடாது என்பேன். ஷில்பா மித்தல் வழக்கில் 2020இல், குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டு என்று வரையறுக்கப்படாத குற்றம் கொடுங்குற்றம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. பருண் சந்திர தாக்கூர் வழக்கில் 2022இல், அந்த மதிப்பீட்டை உளவியல் வல்லுநர் உதவியோடு எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. நம் மாவட்டங்களில் அந்த மதிப்பீட்டைச் செய்பவர் யார், அவர்களுக்கு என்ன பயிற்சி என்று கேட்டால் கிடைக்கும் பதில், இருபது மேடைப் பேச்சைவிடப் பயனுள்ளது.

கேள்வியை எழுதும் முறை

'கூர்நோக்கு இல்லங்களில் உள்ள சிறுவர்களின் பாதுகாப்புக்கு அரசு ஆவன செய்யுமா?' என்று ஒரு வினா போனால், 'அரசு தேவையான நடவடிக்கைகளை எடுத்து வருகிறது' என்று விடை வரும். கேட்டவரும் சொன்னவரும் எதையும் இழக்கவில்லை, இல்லத்தில் இருக்கும் பையனுக்கு எதுவும் கிடைக்கவுமில்லை. அதே வினாவை இப்படி எழுதிப் பாருங்கள்:

'(அ) மாநிலத்தில் உள்ள ஒவ்வோர் அரசு கூர்நோக்கு இல்லத்திலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் கடந்த மார்ச் 31 அன்று நிரப்பப்படாமல் இருந்தவை எத்தனை. (ஆ) இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி ஆய்வுக் குழுக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இல்லங்களைப் பார்வையிட வேண்டியிருக்க, கடந்த மூன்று நிதியாண்டுகளில் மாவட்ட வாரியாக நடந்த ஆய்வுகள் எத்தனை. (இ) அந்த ஆய்வறிக்கைகளில் சுட்டப்பட்ட குறைகளில் களையப்படாதவை எவை, அவை எந்தத் தேதிக்குள் களையப்படும்?'

இந்த வடிவத்தில் ஒவ்வோர் உட்பிரிவுக்கும் ஓர் எண்ணோ ஒரு தேதியோ விடையாக வந்தே தீர வேண்டும். 'எத்தனை', 'எந்தத் தேதி வரை', 'எந்த மாவட்டத்தில்' என்ற சொற்கள் வினாவில் இருக்கட்டும். 'போதுமான', 'தகுந்த', 'உரிய' என்ற சொற்களை உங்கள் வினாவிலிருந்து நீக்குங்கள், அவை விடையிலும் திரும்பி வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் அதை வினாவில் தொடாதீர்கள். நீதிமன்ற விசாரணையில் உள்ள பொருள் என்று சொல்லி வினா தள்ளப்படும். அந்த வழக்கு வெளிக்காட்டிய நடைமுறைக் குறையை, பெயரும் ஊரும் இல்லாமல், மாநில அளவிலான எண்ணாகக் கேளுங்கள். முன்னறிவிப்பு நாட்களும் ஓர் உறுப்பினர் தரக்கூடிய வினாக்களின் அளவும் பேரவை விதிகளில் உள்ளன. கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே பேரவைச் செயலகத்தில் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வினா எடுக்கப்படாமல் போகும் வாய்ப்பு அதிகம். அதனால் அதே உள்ளடக்கத்தைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பமாகவும் அனுப்பச் சொல்வேன். 30 நாட்களில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மானியக் கோரிக்கையின் மீது பேசலாம், ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். தனி உறுப்பினர் சட்டமுன்வடிவு சட்டமாவது மிக அரிது. நல்ல வினா ஒன்று செய்வதை அது செய்வதில்லை என்பது என் கருத்து.

வயதுவந்தோர் சிறைகளில் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டுக்கே உரிய பொருள் தடுப்புக் காவல். குண்டர் சட்டம் என்று மக்கள் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தின்படி, ஒருவரை வழக்கு விசாரணை இல்லாமலே 12 மாதங்கள் வரை வைத்திருக்கலாம். பல ஆண்டுகளின் சிறைப் புள்ளிவிவரங்களில் தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம். இதைக் குறை கூறுவதற்கு எந்தக் கட்சிக்கும் தனி உரிமை இல்லை, எல்லா ஆட்சியிலும் இது நடந்திருக்கிறது. உறுப்பினர் கேட்க வேண்டியது எளியது: ஓராண்டில் பிறப்பிக்கப்பட்ட ஆணைகள் எத்தனை, அந்த ஆணைகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமம் ஏற்காதவை எத்தனை, உயர் நீதிமன்றம் நீக்கியவை எத்தனை, மாவட்ட வாரியாக எவ்வளவு. நீக்கப்பட்டவற்றின் பங்கு பெரிதாக இருந்தால், சட்டத்தைப் பயன்படுத்தும் முறையில் பிழை இருக்கிறது என்பதை அரசின் எண்ணே சொல்லும்.

விசாரணைக் கைதிகளைப் பொறுத்தவரை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவை நினைவில் வையுங்கள். அதிகபட்சத் தண்டனையின் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டவருக்கும், முதல்முறைக் குற்றவாளி என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவருக்கும் விடுதலை கிடைக்க அது வழி செய்கிறது. மரண தண்டனையோ வாழ்நாள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. தகுதி வந்தவுடன் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளர் மீதே சட்டம் சுமத்தியிருக்கிறது. சட்டம் வருமுன் பதிவான வழக்குகளுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒவ்வொரு சிறையிலிருந்தும் அப்படி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, விடுதலையானவர்கள் எத்தனை பேர்? பிணை கிடைத்தும் பிணைத்தொகை கட்ட வழியில்லாமல் உள்ளே இருப்பவருக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் உதவும் திட்டத்தை ஒன்றிய அரசு 2023இல் அறிவித்தது. நம் மாநிலத்தில் அதில் பயன்பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதும் கேட்கத்தக்கது. சமூகப் பணி என்ற புதிய தண்டனையை நீதிமன்றம் விதித்தால், அந்தப் பணியை யார் கொடுப்பது, யார் மேற்பார்ப்பது என்ற ஏற்பாடு மாநில அரசுடையது.

சிறை விதிகளையும் ஒருமுறை படியுங்கள். 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சாதியின் அடிப்படையில் வேலை பிரிப்பதையும் கைதிகளைப் பிரித்து வைப்பதையும் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று சொல்லி, மாநிலங்கள் தங்கள் விதிகளை மூன்று மாதத்தில் திருத்த ஆணையிட்டது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாக அடைக்கப்பட்டது பற்றிய பழைய வழக்கும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகள் வரி வரியாகத் திருத்தப்பட்டனவா, திருத்தம் நடைமுறைக்கு வந்ததா என்று பார்ப்பது அரைநாள் வேலை.

இல்லத்துக்கோ சிறைக்கோ போகும்போது

2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டில் ஓர் அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான். பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன்பின் இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த ஒரு நபர் குழு 2023இல் அறிக்கை அளித்தது. நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்டபின், மாணவரிடையே சாதி மோதலைத் தடுப்பது பற்றி அவர் தலைமையிலான இன்னொரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. இல்லத்தைப் பார்வையிடப் போகுமுன் இவ்விரண்டையும் படித்துவிட்டுப் போங்கள்.

போகும்போது புகைப்படக்காரரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அன்போடு தோளில் கைபோட்டு எடுத்த படமானாலும் அந்தப் பையன் பத்தாண்டு கழித்து வேலை தேடிப் போகும் இடத்தில் அது காத்திருக்கும். உள்ளே போனதும் அதிகாரியின் அறையில் தேநீர் குடிக்க உட்காராமல் கழிவறையைப் பாருங்கள், இரவுப் பணிப் பதிவேட்டைக் கேளுங்கள், இரவில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் காவல் என்று எண்ணிப் பாருங்கள். மனநல ஆலோசகர் கடைசியாக வந்த நாள் வருகைப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளைகளிடம் தனியாகப் பேசலாம், ஆனால் 'என்ன தப்பு செய்தாய்' என்று மட்டும் கேட்காதீர்கள். சாப்பாடு, தூக்கம், வீட்டிலிருந்து கடைசியாக யார் வந்தார்கள் என்று கேட்டால் போதும். சிறையைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு பார்வையாளர் குழுவில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இடம் தருகிறது. உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு அமைக்கப்பட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

வாக்குறுதியைப் பின்தொடர்வது

குழு அறிக்கைகளில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அமைக்கப்பட்ட ஆணையத்தின் அறிக்கையை, எடுத்த நடவடிக்கையின் குறிப்போடு ஆறு மாதத்துக்குள் பேரவையில் வைக்க வேண்டும். வெறும் அரசாணையால் அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேட்கும் உறுப்பினர் இல்லையென்றால் அது அலமாரியிலேயே இருந்துவிடும். 'பரிந்துரை வாரியாக ஏற்றவை எவை, ஏற்காதவை எவை, ஏற்றவற்றுக்கான அரசாணை எண் என்ன' என்று கேளுங்கள்.

அமைச்சர் பேரவையில் 'பரிசீலிக்கப்படும்', 'விரைவில் நிரப்பப்படும்' என்று சொன்னால் அது உறுதிமொழி. அரசு உறுதிமொழிக் குழுவின் முன் அது வரும். ஆனால் குழுவின் கவனத்துக்கு அதைக் கொண்டுபோகும் வேலையை உறுப்பினர் அலுவலகமே செய்வது பாதுகாப்பு. என்னிடம் ஒரு சாதாரண நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. இடப்பக்கத்தில் அமைச்சர் சொன்ன வாக்கியத்தை அவை நடவடிக்கைக் குறிப்பில் உள்ளபடியே எழுதி, தேதி போட்டு, வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வலப்பக்கத்தில் எழுத ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். காலியாக இருக்கும் வலப்பக்கங்களைப் படியெடுத்து, அடுத்த கூட்டத்தொடர் தொடங்கப் பதினைந்து நாள் இருக்கும்போது உறுப்பினர் மேசையில் வைத்துவிடுவேன்.